பதினேழுக்குப் பின்னால் இன்னொரு பதினேழு

ரைஸ்மில் முனையில் பஸ்கள் கிளம்பும் இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை உண்டு. உள்ளே ஆடும் மேஜை ஒன்று, ஓடாத மின்விசிறி ஒன்று, பிசகாத கடிகாரம் ஒன்று. அந்தக் கடிகாரத்துக்குக் கீழே சகாயமேரி உட்கார்ந்திருப்பார்.

பதினேழாம் நம்பர் தடத்துக்கு அவர் டைம் கீப்பர். பதினோரு வருடம் அதே தடத்தில் கண்டக்டராக நின்றே போய் வந்தவர், இப்போது உட்கார்ந்து வண்டிகளை அனுப்புகிறார். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி. அவர் கையை உயர்த்தினால்தான் கிளம்பும். அதிகம் பேச மாட்டார். ஏதாவது கேட்டால் பதில் சொல்லாமல் ஒரு வேலை சொல்வார். அதனால் டிரைவர்கள் அவருக்குச் சாமியாரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் வீட்டில் சண்டை என்றாலும், லீவு கிடைக்கவில்லை என்றாலும் அந்தத் தகர அறை வாசலில்தான் போய் நின்றார்கள்.

இந்தக் கதையில் குரு அவர்தான். வயது முப்பத்தெட்டு. சீடர் இசக்கிமுத்து, பதினேழின் டிரைவர், வயது ஐம்பத்தொன்று. சீடர் குருவைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். இப்படி ஒரு மடம் வேறு எங்கேயும் இருக்காது. நான் அந்தப் பஸ்ஸில் ஒன்பது வருடம் தொங்கிக்கொண்டு போனவன். நடந்ததை இரண்டு பேர் வாயாலும் கேட்டிருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் இசக்கிமுத்து ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். நாலு நாள் தாடி. கண் உள்ளே போயிருந்தது.

“ரெஸ்ட்டுலதான இருக்கிய அண்ணாச்சி?”

“லெட்டர் கொண்டாந்தேன் தங்கச்சி. மேல அனுப்பிருங்க.”

சகாயமேரி படித்தார். இனி ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன், டெப்போவில் வண்டி கழுவுகிற வேலை கொடுத்தாலும் செய்கிறேன் என்று எழுதியிருந்தது. இருபத்தைந்து வருடம் வண்டி ஓட்டிய மனுஷன். ஓட்டுவதைத் தவிர வேறு எதிலும் சந்தோஷப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

காரணம் சகாயமேரிக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

முந்தின வியாழக்கிழமை, காலை எட்டு முப்பது வண்டி. தெப்பக்குளம் ஸ்டாப்பை விட்டுக் கிளம்பிவிட்டது. மாடசாமி என்கிற கொத்தனார் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இசக்கிமுத்து நிறுத்தினார். அவர் எப்போதும் நிறுத்துவார். ‘இசக்கி அண்ணாச்சி வண்டின்னா நிக்கும், மெதுவா வா’ என்று தாய்மார்கள் பிள்ளைகளிடம் சொல்லுமளவுக்கு அந்தத் தடத்தில் அவருக்குப் பெயர். வண்டியில் ஏற்கெனவே மூச்சுவிட இடமில்லை. மாடசாமிக்குப் படிக்கட்டில் ஒரு பாதம் வைக்கத்தான் இடம் கிடைத்தது. ஆற்றுப்பாலத்து வளைவில் அந்தப் பாதம் வழுக்கியது. வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது.

விசாரித்தவர்கள் டிரைவர் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து இசக்கிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

“கையத் தூக்குனான், நின்னேன். தூக்குன அதே கை ஒடஞ்சு போச்சு. கொத்தனாருக்கு வலது கை.”

சகாயமேரி கடிதத்தை இன்னொரு தடவை படித்தார்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க தங்கச்சி. ஓடி வார மனுசனுக்கு நின்னது தப்பா? தப்புன்னா இருவத்தஞ்சு வருசமும் தப்பு. தப்பில்லன்னா அவன் எதுக்கு விழுந்தான்?”

சகாயமேரி கடிதத்தை நாலாக மடித்தார்.

“நாளைக்கு காக்கி போடாம ஆத்துப்பாலம் ஸ்டாப்புக்குப் போங்க. எட்டுலருந்து ஒம்பது மணி வரைக்கும் உக்காந்திருங்க. எந்த வண்டிலயும் ஏற வேண்டாம். நிக்கிற ஆளுககிட்ட பதினேழு எப்படி வருதுன்னு கேளுங்க. வார வண்டிலயும் கண்டக்டர்ட்ட கேளுங்க.”

“நான் கேட்டது வேற தங்கச்சி.”

“தெரியும்.”

மறுநாள் இசக்கிமுத்து வேட்டி கட்டிக்கொண்டு பாலத்து ஸ்டாப்பின் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். காக்கி இல்லாமல் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

எட்டு மணி ஆயிற்று. எட்டே கால் ஆயிற்று. பெஞ்சைச் சுற்றி முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். எட்டு பதினேழுக்கு வண்டி வந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. படிக்கட்டில் ஆள் தொங்கினார்கள். முப்பது பேரும் அதில்தான் முட்டினார்கள். சிலர் தொற்றிக்கொண்டார்கள், சிலர் திட்டிக்கொண்டே நின்றுவிட்டார்கள்.

இரண்டு நிமிடம் கழித்து அடுத்த பதினேழு வந்தது. ஜன்னலுக்கு ஒருவராக எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மறுபடி பதினெட்டு நிமிடம் ஒன்றும் இல்லை. மறுபடி ஒரு சாய்ந்த வண்டி. அதன் வாலைப் பிடித்தாற்போல ஒரு காலி வண்டி. ஒன்பது மணிக்குள் மூன்று தடவை இப்படியே நடந்தது.

கையில் தூக்குவாளியோடு நின்ற ஒரு அம்மாவிடம் இசக்கிமுத்து கேட்டார்.

“பதினேழு எப்படிம்மா வருது?”

“எங்க வருது? மணிக்கு மூணு வருது. அதுவும் நிக்க எடம் இருக்காது.”

“காலியா வண்டி வாரதில்லையா?”

“பதிமூணு வருசமா போறேன். காலி பதினேழ நான் கண்ணால பாத்ததில்ல.”

அடுத்து வந்த காலி வண்டியின் கண்டக்டரிடம் ஜன்னல் வழியாகக் கேட்டார். வேட்டியிலும் அந்தக் கண்டக்டர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

“கூட்டமா? இந்தத் தடத்துல கூட்டம் ஏது அண்ணாச்சி? காத்து வாங்கிட்டுப் போறோம்.”

அன்று மத்தியானம் இசக்கிமுத்து தகர அறைக்கு வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. மேஜைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஆறு வண்டி வந்துது.”

“நான் ஆறுதான் அனுப்புனேன்.”

“ஜனங்க மூணுங்காவ.”

“பொய்யா?”

“பொய்யில்ல. அவங்க முகத்தப் பாத்தாத் தெரியுது.”

“கண்டக்டர் என்ன சொன்னாவ?”

“காலிங்காவ. அதுவும் பொய்யில்ல. எட்டுப் பேருதான் இருந்தாவ.”

“நெறஞ்ச வண்டில எத்தன பேரு?”

“எம்பது இருக்கும்.”

“அந்த ரெண்டு வண்டி ஆளுகளயும் எறக்கி ஒரு எடத்துல நிப்பாட்டி, பஸ்ஸு எப்படி இருந்துதுன்னு கேட்டா?”

இசக்கிமுத்து யோசித்தார்.

“எம்பது பேரு நசுங்குனோம்பாவ. எட்டுப் பேரு சொகமா வந்தோம்பாவ.”

“ஊருக்கு எது காதுல விழும்?”

வெளியே ஒரு வண்டி கிளம்பும் நேரம். சகாயமேரி கையை உயர்த்தினார். வண்டி போயிற்று.

“அப்ப, வண்டி காலியாப் போறதப் பாக்கவே ஆளு கெடையாது தங்கச்சி.”

“ஆளு இல்லாததுனாலதான அது காலி வண்டி.”

இதைச் சொல்லும்போது இசக்கிமுத்து இன்றைக்கும் ஒரு கணம் நிறுத்துவார். இருபத்தைந்து வருடம் ஓட்டிய தடம். அதில் இப்படி ஒன்று கண்ணுக்கு முன்னால் தினமும் போய் வந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தபோது அவருக்குத் தலை சுற்றியது. கேட்ட எனக்கும் சுற்றியது. நானும் ஒன்பது வருடம் நிறைந்த வண்டியில்தான் தொங்கினேன். எனக்குப் பின்னால் இரண்டு நிமிடத்தில் எனக்கு ஒரு ஜன்னலோர இடம் காலியாக வந்துகொண்டிருந்திருக்கிறது.

“நீங்க பத்துப் பத்து நிமிசத்துல அனுப்புறிய. அத நான் கண்ணால பாக்கேன். பாலத்துக்கு வரும்போது சோடி சோடியா வருது. நடுவழில யாரு தங்கச்சி இத முடிச்சுப் போடுதா?”

“வியாழக்கிழமை ரைஸ்மில்ல சரியாத்தான எடுத்திய?”

“சரியா எட்டு முப்பது.”

“மொதல்ல யாருக்கு நின்னிய?”

“ஒரு பால்காரருக்கு. கேன வச்சுக்கிட்டு ஓடி வந்தாரு. அரை நிமிசம் இருக்கும்.”

“அடுத்த ஸ்டாப்புல, நீங்க வராத அந்த அரை நிமிசத்துல எத்தன பேரு புதுசா வந்து நின்னாவ?”

“ரெண்டு பேரு, மூணு பேரு.”

“அவங்க ஏற எவ்வளவு ஆச்சு?”

“பத்து செகண்டு. அதுக்குள்ள கோர்ட்டுப் பக்கம் ஒரு டீச்சரம்மா கையக் காட்டுனாவ. அவங்களுக்கும் நின்னேன்.”

“அதுக்கடுத்த ஸ்டாப்புல?”

இசக்கிமுத்து விரல் மடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பெயர் சொல்லி மடக்கிக்கொண்டே போனார். தெப்பக்குளம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“அந்த அரை நிமிசம் குட்டி போட்டுக்கிட்டே வந்திருக்கு.”

“பின்னால யாரு வந்தா?”

“ஜாபர். என் பின்னாடி எப்பவும் ஜாபர்தான். என் வண்டியப் பாத்துட்டான்னா முந்த மாட்டான். மூத்த டிரைவர முந்தப்பிடாதுன்னு வச்சிருக்கான். நாங்க எல்லாரும் அப்படித்தான் பழகுனது. பாதி வழில என் முதுகுல வந்து ஒட்டிக்கிடுவான். அவன் ஏத்த வேண்டிய ஆளயெல்லாம் நான் ஏத்திருவேன், அவன் வண்டி காலியாத்தான் இருக்கும். நானும் பய மரியாத தெரிஞ்சவன்னு நெனச்சுக்கிடுவேன்.”

“மரியாததான். எம்பது பேரு நசுங்குத மரியாத.”

இசக்கிமுத்து சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

“அப்ப மாடசாமி விழுந்ததுக்கு அந்தப் பால்காரருதான் காரணமா? டீச்சரம்மாவா? நானா?”

சகாயமேரி கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாளைக்கும் காக்கி வேண்டாம். எட்டு இருவது வண்டில ஏறுங்க. நானும் வாரேன்.”

எட்டு இருபது வண்டி, இசக்கிமுத்து வழக்கமாக ஓட்டும் எட்டு முப்பதுக்கு முன்வண்டி. புதன்கிழமை சகாயமேரி தன் இடத்தில் இன்னொருவரை உட்கார வைத்துவிட்டு அதில் ஏறினார். இரண்டு பேரும் முன்பக்கம் நின்றுகொண்டார்கள். வண்டியில் முப்பது பேர். ஓட்டம் சுகமாக இருந்தது.

தெப்பக்குளம் வந்தது. ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். டிரைவர் கியரைப் போட்டார். சகாயமேரியின் போன் ஒலித்தது; பின்வண்டிக் கண்டக்டர். கேட்டுவிட்டு டிரைவரின் தோளைத் தொட்டார்.

“எடுக்காதீங்க. பின்வண்டி நாலு நிமிசம் பிந்திட்டுதாம். இங்க மூணு நிமிசம் நிக்கணும்.”

வண்டி நின்றது. முதல் நிமிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது நிமிடத்தில் ஆரம்பித்தது.

“என்ன, வண்டி பழுதா?”

“பழுது இல்லய்யா.”

“அப்ப எடுக்க வேண்டியதான?”

ஜவுளிக்கடைச் சேலை கட்டிய ஒரு பெண் எழுந்தே நின்றுவிட்டார்.

“எங்க நேரம் ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கா?”

சகாயமேரி அவர் பக்கம் திரும்பினார்.

“ஒங்ககிட்டருந்து மூணு நிமிசம் எடுத்துக்கிட்டேம்மா. கேக்காம எடுத்தது தப்புதான். மன்னிச்சிருங்க.”

அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

இசக்கிமுத்துவுக்கு உடம்பெல்லாம் கூசியது. நல்ல வண்டியை நடுரோட்டில் நிறுத்திவைத்துத் திட்டு வாங்குவது அவர் ஜாதகத்திலேயே கிடையாது.

“இந்த முப்பது பேரக் காக்க வச்சு யாருக்கு நல்லது பண்ணுதோம் தங்கச்சி?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இங்க இல்லாதவங்களுக்கு.”

“இல்லாதவங்கன்னா?”

சகாயமேரி வாசலைக் காட்டினார்.

சந்திலிருந்து ஒரு பெரியவர் நிதானமாக நடந்து வந்து ஏறினார். குடை வைத்திருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே வந்து ஏறினார்கள். ஒருவர் டீக் குடித்த கையைத் துடைத்துக்கொண்டே ஏறினார். கைக்குழந்தையோடு ஒரு தாய், பிறகு ஒரு தபால்காரர். யாரும் ஓடவில்லை. வண்டி நிற்கிறது, ஏறுகிறோம், அவ்வளவுதான் என்பதுபோல ஏறினார்கள். தங்களுக்காக அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

இசக்கிமுத்து எண்ணினார். மூன்று நிமிடத்தில் பதினோரு பேர்.

“இந்தப் பதினோரு பேரும் எந்த வண்டில ஏறியிருப்பாவ அண்ணாச்சி?”

அவர் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்த வண்டி போயிருந்தால் அடுத்தது எட்டு முப்பது. பிந்தி வரும், நிறைந்து வரும். கடைசியாக ஏறுகிறவர்களுக்கு அதில் உள்ளே இடம் கிடையாது.

“இவங்க என் படிக்கட்டு தங்கச்சி” என்றார். “தெனமும் இவங்கதான் என் படிக்கட்டுல நின்னுருக்காவ.”

தன் கண்ணுக்கு எட்டாத ஒரு டிரைவர், தனக்கு முன்னால் போகிற வண்டியில், மூன்று நிமிடம் திட்டு வாங்கினால் தன் படிக்கட்டு காலியாகும். அந்த டிரைவருக்கு அது தெரியவே போவதில்லை. எத்தனை காலை வேளைகளில் யார் யார் தனக்காக அப்படி நின்றார்களோ, தான் யாருக்காக நிற்காமல் போனோமோ. இசக்கிமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ரைஸ்மில்லிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் பதினாலு ஸ்டாப்பும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பது அப்போதுதான் தெரிந்தது என்று என்னிடம் சொன்னார். கோவிலில்கூடத் தனக்கு அப்படிக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியதில்லை என்றும் சொன்னார். கும்பிடவில்லை, கம்பியைப் பிடித்திருந்தார்.

“இப்பப் போகலாம்” என்றார் சகாயமேரி டிரைவரிடம்.

திரும்பி வரும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

“நாளைக்குக் காக்கி போட்டுட்டு வாங்க. எட்டு முப்பது ஒங்க வண்டி.”

“லெட்டர் குடுத்திருக்கேன் தங்கச்சி.”

“இருக்கட்டும். ஓட்டும்போது எந்தக் கண்ணாடியப் பாப்பிய?”

“இடது கண்ணாடி. வாசப்பக்கம். யாரும் ஓடி வாராவளான்னு பாக்கணும்லா.”

“வலது கண்ணாடி?”

“திரும்பும்போது பாக்கதுதான்.”

ரைஸ்மில் வந்ததும் சகாயமேரி இறங்கித் தன் கடிகாரத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை. மாடசாமி விழுந்து சரியாக ஒரு வாரம். இசக்கிமுத்து ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். கண்டக்டர் செல்லப்பா முன்னால் வந்து அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். தகர அறையில் சகாயமேரி கையை உயர்த்தினார்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாரி குறுக்கே நின்று மூன்று நிமிடத்தைத் தின்றது. அதன் பிறகு ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இரண்டு மூன்று பேர் கூடுதலாக இருந்தார்கள். தெப்பக்குளம் வந்தபோது உள்ளே நிற்க இடம் முடிந்துவிட்டது. படிக்கட்டில் மட்டும் இன்னும் யாரும் இல்லை. செல்லப்பா இரண்டு விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது.

இடது கண்ணாடியில் ஒரு ஆள் ஓடி வந்தார். ஓட்டம் என்றும் சொல்ல முடியாது, நடை என்றும் சொல்ல முடியாது. வலது கையில் மாவுக்கட்டு, கழுத்திலிருந்து துணித் தொட்டில். இடது கையைத் தூக்கியிருந்தார்.

மாடசாமி.

இசக்கிமுத்துவின் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. செல்லப்பாவும் பார்த்துவிட்டார். ஒரு விசில் வந்தது. நில் என்று அர்த்தம்.

“அண்ணாச்சி, கை ஒடஞ்ச ஆளு ஓடி வாராரு. நிப்பாட்டுங்க” என்றார் ஒரு அம்மா.

“நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க” என்று பின்னாலிருந்தும் குரல் வந்தது.

நிறுத்தினால் மாடசாமிக்கு மறுபடி அந்தப் படிக்கட்டுதான். ஒற்றைக் கையோடு. பாலம் அடுத்த ஸ்டாப். இது அவருக்குத் தெரியும். ஆனால் கண்ணாடியில் தெரிந்த முகம் அதையெல்லாம் கேட்கிற முகமில்லை. அது அவரை நம்பி ஓடி வந்த முகம்.

இசக்கிமுத்து தலையைத் திருப்பி வலது கண்ணாடியைப் பார்த்தார்.

அதில் ஜாபர் வந்துகொண்டிருந்தார். நூறு கெஜம் இருக்கும். நெற்றியில் பதினேழு என்று எழுதி, ஜன்னலெல்லாம் வெறுமையாக, காலை வெயிலில் அந்த வண்டி வந்துகொண்டிருந்தது. அதே வண்டி எத்தனையோ காலை அதே இடத்தில் வந்திருக்கிறது. அன்றைக்குத்தான் பார்த்தார்.

ஒரு கண்ணாடியில் மாடசாமி, ஒரு கண்ணாடியில் ஜாபர். நடுவில் தன் கால்.

காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தார்.

“பின்னாடி வருது” என்றார். யாருக்குக் கேட்டதோ தெரியாது. வண்டி வேகம் பிடித்தது.

உள்ளே ஒரு பெண் குரல், “இசக்கி அண்ணாச்சியா இது” என்றது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தைத்தது. கண் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு ஓட்டினார்.

ஆற்றுப்பாலத்து வளைவு வந்தது. வண்டி சாயாமல் திரும்பியது. படிக்கட்டு காலியாக இருந்ததால் வாசல் வழியாக ஆற்றுக் காற்று நேராக உள்ளே வந்து அவர் கழுத்தில் பட்டது. இருபத்தைந்து வருடமாக அந்தப் பாலத்தில் காற்று இருக்கிறது என்பதே தனக்குத் தெரியாது என்றார் என்னிடம்.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லோரும் இறங்கினார்கள். இசக்கிமுத்து இறங்கி வண்டி ஓரத்தில் நின்றார். ஜாபரின் வண்டி இரண்டு நிமிடம் கழித்து வந்தது. மாடசாமி அதிலிருந்து இறங்கி நேரே அவரிடம் வந்தார்.

“என்னைய பாத்தியளா, பாக்கலியா?”

“பாத்தேன்.”

“பாத்துட்டா போனிய?”

இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

மாடசாமி கழுத்துத் தொட்டிலைச் சரி பண்ணிக்கொண்டார்.

“மனசுக்குள்ள நல்லா ஏசிட்டேன் அண்ணாச்சி ஒங்கள. ஏசி முடிக்கும் முன்ன ஜாபர் வந்துட்டாரு. ஏறிப் பாத்தா எல்லா சீட்டும் காலியாக் கெடக்கு. சன்னலோரமா உக்காந்துட்டேன். வேலைக்குப் போக ஆரம்பிச்ச நாளுலருந்து பதினேழுல போறேன். இன்னைக்குத்தான் உக்காந்தேன். பாலத்துலருந்து ஆறு தெரியும்னே எனக்குத் தெரியாது.”

சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்து நடந்தார். அவர் உள்ளே போகும்வரை இசக்கிமுத்து பார்த்துக்கொண்டு நின்றார்.

ரைஸ்மில் முனைக்குத் திரும்பியதும் தகர அறை வாசலில் வந்து நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். சகாயமேரி கேட்டுக்கொண்டிருந்தார்.

“பாக்காம போறது லேசு தங்கச்சி. பாத்துட்டுப் போறதுக்கு உசுரு போகுது.”

“ரெண்டு கண்ணாடியயும் பாத்தவங்கதான் போகலாம் அண்ணாச்சி.”

“அந்த லெட்டர்?”

சகாயமேரி கீழே கையைக் காட்டினார். மேஜையின் குட்டையான காலுக்கு அடியில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. இசக்கிமுத்து மேஜையில் கையை ஊன்றிப் பார்த்தார். ஆடவில்லை. திங்கட்கிழமையிலிருந்தே அது ஆடியிருக்காது. செவ்வாய்க்கிழமை அதற்கு எதிரே உட்கார்ந்து பேசியவர் அதைக் கவனிக்கவில்லை.

இப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. கடிதத்தை எடுக்கவில்லை. அடுத்த ட்ரிப்புக்கு நேரமாகிவிட்டது. வண்டியை நோக்கிப் பாதி தூரம் போனவர் திரும்பி வந்தார்.

“ஒரே ஒரு சந்தேகம் தங்கச்சி. இடது கண்ணாடில ஒரு ஆளு ஓடி வாரான். வலது கண்ணாடியப் பாக்கேன். ரோடு வெறிச்சோடிக் கெடக்கு, ஒண்ணுமே வரல. அப்ப?”

சகாயமேரி கடிகாரத்தைப் பார்த்து, கையை உயர்த்தத் தயாராக எழுந்தார்.

“நில்லுங்க அண்ணாச்சி. அன்னைக்குப் பின்னாடி வார வண்டியும் நீங்கதான்.”